லென்ஸ் அப்பறம் வாங்கிக்கலாம் தம்பி

கேள்வி: தஞ்சாவூர் பக்கத்துலேர்ந்து எழுதுறேன் அண்ணா. வயசு 24. மூணு வருஷமா ஒரு கல்யாண ஸ்டுடியோவுல கேண்டிட் எடுத்துட்டு இருக்கேன், ஆனா ஆசையெல்லாம் கச்சேரி, லைவ் கான்சர்ட் படம் எடுக்குறதுலதான். கைல ஒரு பழைய கிராப் பாடி (சின்ன சென்சார் கேமரா), அதோட வந்த கிட் லென்ஸ், 50 எம்எம் 1.8 லென்ஸ் இருக்கு. 70-200 எஃப் 2.8 ஜூம் லென்ஸ் ஒண்ணு இஎம்ஐல எடுத்துட்டு வேலைய விட்டுட்டு சென்னைக்கு வந்துடலாமான்னு யோசிக்கிறேன். பெரிய சிங்கர்ஸ் பேஜுக்கெல்லாம் மெசேஜ் போட்டேன், ஒருத்தரும் பதில் போடல. கச்சேரில படம் எடுக்க பாஸ் எப்படிண்ணா வாங்குறது? நான் எடுத்த அஞ்சு படம் அனுப்பியிருக்கேன், பாத்து சொல்லுங்க.

பதில்:

தம்பி, அந்த இஎம்ஐ ஃபார்ம்ல கையெழுத்து போட்டாச்சா இல்லையா? போடலன்னா அப்டியே மடிச்சு பீரோல வச்சிருங்க. ரெண்டு லட்ச ரூவா லென்ஸுக்கு மாசாமாசம் கட்டிகிட்டு, ரூம் வாடகையும் குடுத்துகிட்டு, சென்னைல வேலை தேடுற பையன் முத கச்சேரிக்கே "எவ்ளோ குடுத்தாலும் சரி சார்"னுதான் நிப்பான், அப்டி நின்னவனுக்கு ரேட் ஏத்தி யாரும் குடுத்து நான் பாத்ததில்ல. அந்த லென்ஸ் நாள் வாடகைக்கு கிடைக்கும், ஆதார் காப்பியும் அட்வான்ஸும் குடுத்தா போதும், வேலை வந்த அன்னிக்கு எடுத்துட்டு மறுநாள் திருப்பி குடுங்க, வாடகைய பில்லுல சேத்துருங்க. உங்க 50 எம்எம் 1.8 இருக்கே, அந்த நம்பர் கொறஞ்சா வெளிச்சம் ஜாஸ்தி, அதனால அது 2.8-ஐ விட ரெண்டு மடங்குக்கு மேலயே வெளிச்சம் உள்ள விடும், கிராப் பாடில அது கிட்டத்தட்ட 75, 80 எம்எம் லென்ஸ் மாதிரி வேற நிக்கும். முன்னாடி உக்கார விட்டாங்கன்னா அதுலயே ஒரு முழு கச்சேரிய எடுத்துரலாம். காசு சேந்தா செகண்ட் ஹேண்ட்ல ஒரு 85 எம்எம் 1.8 பாருங்க, அவ்ளோதான்.

இப்ப பாஸ் விஷயம். பாஸ்ங்கிறது வேலைக்கு குடுக்குறது தம்பி, ஆளுக்கு குடுக்குறது கிடையாது. கேட்ல நிக்கிற பவுன்சருக்கு நீங்க நல்லா எடுப்பீங்களா மாட்டீங்களான்னு கவலை இல்ல, நீங்க யாரோட ஆளு, அதான் கேள்வி. பத்திரிகை ஆளா, ஈவென்ட் கம்பெனி ஆளா, பாடுறவங்க டீமா, ஸ்பான்சர் அனுப்புன ஆளா, இதுல ஏதாவது ஒண்ணா நீங்க இருக்கணும். பெரிய சிங்கர் பேஜுக்கு போட்ட மெசேஜ அந்த சிங்கர் பாக்கவே மாட்டாங்க, பாக்குறது சோஷியல் மீடியா பாத்துக்குற ஒரு பையன், அவனுக்கு பாஸ் குடுக்குற அதிகாரமும் இல்ல. சினிமா பாட்டு கான்சர்ட்னா, நந்தனம் ஒய்எம்சிஏ கிரவுண்டு மாதிரி இடத்துல நடக்குறது, அங்க ஈவென்ட் கம்பெனியே ஒரு டீம போட்டிருக்கும், நிகழ்ச்சிய டிவிக்கு வித்திருந்தாங்கன்னா முன்னாடி பூரா கேமரா கிரேனும் வீடியோ ஆளுங்களும்தான், நடுவுல நீங்க நிக்கவே இடம் இருக்காது. பிரஸ்ஸுக்கு உள்ள விட்டாலும் வெளிநாட்டு பேண்டுன்னா மொத மூணு பாட்டு மட்டும், ஃபிளாஷ் கிடையாது, மூணாவது பாட்டு முடிஞ்சதும் வெளிய போயிரணும். உலகம் பூரா இதான் வழக்கம். கொடுமை என்னன்னா அந்த மூணு பாட்டுலதான் லைட்டிங் ரொம்ப சுமாரா இருக்கும், நல்ல லைட்டு, பேப்பர் மழை, புகை எல்லாம் கடைசிக்குதான் வச்சிருப்பாங்க, அது பூராத்தையும் எடுக்குறவன் அவங்க சொந்த டீம் ஆளு. அதனால பாஸுக்கு அலையாதீங்க, யாரோட டீமாவது ஆகுங்க. அதுக்கு சென்னைக்கு வரணும்னு அவசியமே இல்லன்னுதான் நான் சொல்றேன், ஏன்னு சொல்றேன் கேளுங்க.

நீங்க இருக்குறது தஞ்சாவூர். நான் சென்னைல பொறந்து வளந்தவன், நான் ட்ரெயின் புடிச்சு வந்து எடுக்குறத நீங்க சைக்கிள்ல போயி எடுக்கலாம். திருவையாறு உங்களுக்கு பஸ்ல எவ்ளோ நேரம், அரை மணி? ஜனவரி பக்கம் தியாகராஜ ஆராதனை வருது, காவிரி கரைல பந்தல் போட்டு எதிரெதிரா வரிசையா உக்காந்து பஞ்சரத்னம் பாடுறாங்க, அத்தன பெரிய வித்வான்களும் மேடை வித்தியாசம் இல்லாம ஒரே இடத்துல தரைல, பகல் வெளிச்சத்துல! அங்க 1.8 கூட வேண்டாம், உங்க கிட் லென்ஸே போதும். சிவராத்திரிக்கு சிதம்பரம் நாட்டியாஞ்சலி இருக்கு, 1981-லேர்ந்து நடக்குது, உங்க பெரிய கோயில்லயும் அந்த சமயம் ஆடுறாங்க. தென்னகப் பண்பாட்டு மையம் உங்க ஊர்லயேதான் இருக்கு, நாட்டுப்புற கலைஞர்கள எல்லா மாநிலத்துலேர்ந்தும் வரவழைச்சு ப்ரோக்ராம் பண்றாங்க. ஐப்பசில ராஜராஜ சோழனுக்கு சதய விழா. இது போக ஒவ்வொரு தெருவுலயும் நாதஸ்வரம் தவில்காரங்க இருக்குற ஜில்லா அது, அவங்கள்ல எத்தன பேருக்கு தன்னோட ஒரு நல்ல படம் இருக்குன்னு நெனைக்கிறீங்க? நோட்டீஸ்ல போடுறதுக்கு பாஸ்போர்ட் சைஸ் ஃபோட்டோவ வெட்டி ஒட்டிகிட்டு இருக்காங்க.

இன்னொண்ணு, கல்யாண ஸ்டுடியோக்காரனுக்கு வருஷத்துல ரெண்டு மாசம் வேலை இருக்காது, ஆடியும் மார்கழியும். பாட்டுக்கு சீசனே அந்த ரெண்டு மாசம்தான்! ஆடில ஒவ்வொரு அம்மன் கோயில்லயும் மெல்லிசை கச்சேரி, கரகாட்டம், பறை. மார்கழி சொல்லவே வேண்டாம், சென்னை சபாக்கள் அத்தனையும் காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் ஓடும். முதலாளிகிட்ட சொல்லிட்டு மார்கழில ஒரு பத்து நாள் மட்டும் சென்னைக்கு வாங்க, சொந்தக்காரங்க வீட்ல தங்கிக்குங்க, காலைல நடக்குற ஃப்ரீ கச்சேரிங்க நெறைய, அதுல ஆரம்பிங்க. வேலைய விட வேண்டாம். எனக்கு தெரிஞ்சு சென்னைல கச்சேரி படத்துல மட்டுமே சோறு திங்கிற ஆள் யாரும் இல்ல, நானே 14 வருஷத்துக்கு அப்பறமும் முகூர்த்த நாள்ல மண்டபத்துலதான் நிக்கிறேன். வெக்கப்பட ஒண்ணும் இல்ல, அந்த மண்டப காசுதான் கச்சேரில "முடியாது சார், இந்த ரேட்டுக்கு வரமாட்டேன்"னு சொல்ற தைரியத்த எனக்கு குடுத்துச்சு.

சபால எடுக்குறது பத்தி கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா இத யாரும் சொல்லி தரமாட்டாங்க. மொதல்ல செக்ரட்டரிகிட்ட கேளுங்க, பெரும்பாலான சபால அனுமதி இல்லாம கேமரா வெளிய எடுக்க கூடாது. அனுமதி கிடைச்சா எந்த பக்கம் உக்காரலாம்னும் கேட்டுக்குங்க, அது ரொம்ப முக்கியம். மிருதங்கத்தோட வலந்தலை, அதாவது வலது கை வாசிக்கிற பக்கம், ஆடியன்ஸ பாத்து இருக்கணும்னு மிருதங்கக்காரர் வழக்கமா நம்ம இடது கை பக்கம் உக்காருவாரு, வயலின்காரர் வலது பக்கம், ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்த மாதிரி. அதனால மிருதங்கக்காரர் முகம் வேணும்னா ஹால்ல வலது பக்கம் போகணும், வயலின்காரர் முகத்துக்கு இடது பக்கம். இது தெரியாம நடுவுல உக்காந்தீங்கன்னா பாடுறவர் முகத்துல மைக்கு, பின்னாடி பேங்க் விளம்பரமும் நகைக்கடை விளம்பரமும், ரெண்டு பக்கமும் பக்கவாத்தியக்காரங்க முகத்துக்கு பதிலா ரெண்டு காது. அந்த விளம்பர பேனர் பெரிய தலைவலி தம்பி, அதுக்குதான் தள்ளி உக்காந்து நீளமான லென்ஸ்ல இறுக்கி எடுக்குறது, இல்லன்னா இன்னும் கொஞ்சம் ஓரமா போயி பக்கவாட்டு கருப்பு திரைய பின்னாடி வர்ற மாதிரி புடிக்கணும்.

எப்ப எடுக்கணும்? ஆலாபனை, அதான் தாளம் இல்லாம ராகத்த மட்டும் பாடுறது, அது ஆரம்பிக்கிறப்ப எடுக்காதீங்க, ஹால் அவ்ளோ அமைதியா இருக்கும், நான் ஆரம்பத்துல ஒரு பழைய டிஎஸ்எல்ஆர வச்சுகிட்டு ஒரு அம்மா தோடி ஆலாபனை பண்றப்ப டப்பு டப்புன்னு அடிச்சேன், அவங்க கண்ண தொறந்து என்னை ஒரு பார்வை பாத்தாங்க, அதுக்கப்பறம் அந்த கச்சேரி முடியுற வரைக்கும் நான் கேமராவ தொடவே இல்ல. தனி ஆவர்த்தனம், அதான் மிருதங்கம் கடம் மட்டும் வாசிக்கிற பகுதி, அது வரட்டும், பாதி சனம் கேண்டீனுக்கு காபி குடிக்க கெளம்பும், நீங்க எந்திரிச்சு முன்னாடி போங்க. சத்தம் இருக்கும், ஷட்டர் கேக்காது. பாடுறவர் தாளம் போட்டுகிட்டு மிருதங்கக்காரர பாத்து சிரிப்பாரு, கடம்காரர் தலைய ஆட்டுவாரு, வாய்ல மைக்கு இல்லாம முகம் முழுசா கிடைக்கிற ஒரே நேரம் அதான். முடிவுல கோர்வைன்னு ஒரு தாளக்கணக்கு மூணு தடவ வரும், மூணாவது தடவ முடிஞ்சு எல்லாருமா ஒண்ணா வந்து விழுவாங்க பாருங்க, அங்க ஒரு முகபாவம் இருக்கு, அரை செகண்டுதான். தாளம் போட தெரிஞ்சவனுக்கு அது எப்ப வரும்னு முன்னாடியே தெரியும், தெரியாதவன் தொடர்ந்து அடிக்கிற பர்ஸ்ட் மோடுல 400 படம் எடுத்து வீட்ல தேடிகிட்டு இருப்பான். அதனால லென்ஸுக்கு கட்ட நெனச்ச இஎம்ஐல ஒரு மாச காச எடுத்து மிருதங்கம் கத்துக்க போங்க, வாசிக்க வரலன்னாலும் பரவால்ல. சினிமா கான்சர்ட்டுக்கும் இதே கததான், பாட்டு தெரிஞ்சவனுக்குதான் எங்க சிங்கர் மைக்க கூட்டத்து பக்கம் நீட்டுவாருன்னு தெரியும்.

சத்தம் வராம இருக்கணும்னு இப்ப எல்லாரும் மிரர்லெஸ் கேமராவுல எலக்ட்ரானிக் ஷட்டர் போடுறாங்க. நல்லதுதான், ஆனா எல்இடி லைட்டு இருக்குற ஹால்ல அது படம் பூரா கோடு கோடா போட்டு விட்டுரும். நான் ஒரு முழு கச்சேரிய அப்டி கெடுத்திருக்கேன், கேமரா சின்ன ஸ்க்ரீன்ல தெரியல, வீட்ல போய் பாத்தா அத்தன படத்துலயும் வரி குதிரை. கச்சேரி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மைக் டெஸ்டிங் அப்ப நாலு ஷாட் எடுத்து பெருசு பண்ணி பாருங்க, கோடு விழுந்தா ஷட்டர் ஸ்பீட 1/100-க்கோ 1/50-க்கோ கொண்டு வாங்க, பெரும்பாலும் சரியாயிரும், உக்காந்து பாடுறவங்களுக்கு 1/100 தாராளம். அப்பவும் கோடு போகலன்னா மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிட்டு தனி வரைக்கும் காத்திருங்க. நின்னு ஆடி பாடுற பேண்டுன்னா 1/250-க்கு கீழ போகாதீங்க, இருட்டுல வெளிச்சத்த கூட்டி காட்டுற ஐஎஸ்ஓ 3200, 6400 எதுக்கும் பயப்படாதீங்க, புள்ளி புள்ளியா கிரெயின் வந்த படத்த யாரும் திட்டுனதில்ல, ஆடுன படத்த திட்டுவாங்க. பின்னாடி திருத்த வசதியா ரா ஃபைலா எடுங்க. செவப்பு லைட்டும் நீல லைட்டும் முகத்துல அடிச்சா ஹிஸ்டோகிராம்ல, அதான் கேமரா காட்டுற வெளிச்ச வரைபடத்துல, அந்த ஒரு கலர் மட்டும் முட்டிகிட்டு நிக்கும், முகத்துல மூக்கு கண்ணு எல்லாம் ஒரே தட்டையா போயிரும், எக்ஸ்போஷர ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்த பாதியா, கொறைங்க, அப்பவும் சரி வரலன்னா பிளாக் அண்ட் ஒயிட் பண்ணிருங்க, எல்லாரும் பண்றதுதான், கலைன்னு சொல்லிக்குவோம். ஸ்பீக்கர் பக்கத்துல நிக்கிறப்ப காதுல இயர்ப்ளக் கட்டாயம், கறுப்பு சட்ட போட்டுக்குங்க.

ஷார்ப்பா இல்லன்னு எல்லா படத்தையும் டெலீட் பண்ணாதீங்க. 1979-ல நியூயார்க் பல்லாடியம் அரங்கத்துல த கிளாஷ்ங்கிற ராக் பேண்டோட பால் சிமோனன் பாஸ் கிடார தரைல ஓங்கி அடிக்கிறத ஃபோட்டோகிராஃபர் பென்னி ஸ்மித் எடுத்தாங்க. ஃபோகஸ் இல்ல, அத போடாதீங்கன்னு அவங்களே சொன்னாங்க, பேண்டு கேக்கல, ஆல்பம் அட்டைல போட்டாங்க, இன்னிக்கு ராக் படம்னு சொன்னாலே மொதல்ல எல்லாரும் காட்டுறது அதத்தான்.

அப்பறம் டெலிவரி. வேலை திரும்ப திரும்ப வர்றதும் வராததும் இதுலதான் இருக்கு, படத்தோட அழகுல பாதிதான். கச்சேரி முடிஞ்ச ராத்திரியே பத்து படம் போயிரணும், ஃபோன்ல ஏத்தி சுமாரா கலர் பண்ணி அனுப்புங்க, மீதி மறுநாள் சாயந்திரத்துக்குள்ள. பாடுறவங்க அன்னிக்கு ராத்திரி போஸ்ட் போடணும்னு நெனைப்பாங்க, நாலு நாள் கழிச்சு நீங்க அனுப்புற மாஸ்டர்பீஸுக்கு அங்க வேலை இல்ல. யாருக்கு எது வேணும்னும் தெரிஞ்சுக்கணும், ஈவென்ட் கம்பெனிக்கு கூட்டம் ரொம்பி வழியுற மாதிரி ஒரு வைடு ஷாட் வேணும், ஸ்பான்சருக்கு அவன் லோகோ தெரியணும், எந்த பேனர வெட்டுங்கன்னு மேல சொன்னேனோ அதே பேனர்! பாடுறவங்களுக்கு வாய் கோணாம, கண்ணு சொருகாம ஒரு படம். பக்கவாத்தியக்காரங்களுக்கு ஆளுக்கு ரெண்டு நல்ல படம் தனியா எடுத்து அனுப்புங்க, யாரும் அவங்கள கேக்குறதே இல்ல, ஆனா ஒரு மிருதங்கக்காரர் சீசன்ல பத்து பேருக்கு வாசிப்பாரு. எனக்கு வந்த முக்கால்வாசி வேலை பக்கவாத்தியக்காரங்க சொல்லி வந்ததுதான்.

ஃப்ரீயா எடுக்கலாமான்னு நீங்க கேக்கல, ஆனா கேக்க போறீங்க. உங்க ஃப்ரெண்டு பேண்டுக்கு, கோயில்ல தட்டுல விழுற காசுக்கு வாசிக்கிறவருக்கு, எடுங்க. டிக்கெட் வித்து, ஸ்பான்சர் புடிச்சு, சவுண்டுக்கும் லைட்டுக்கும் பிரியாணிக்கும் காசு குடுக்குறவன் உங்ககிட்ட மட்டும் "எக்ஸ்போஷர் கிடைக்கும் ப்ரோ"ன்னா, கெளம்பி வந்துருங்க.

காசு வாங்கி எடுக்குறப்ப ஒண்ணு கவனிங்க, இது எனக்கு ரொம்ப லேட்டா தெரிஞ்சது. நம்ம 1957 காப்பிரைட் சட்டப்படி படம் எடுத்தவன்தான் மொத சொந்தக்காரன், ஆனா ஒருத்தர் காசு குடுத்து எடுக்க சொல்லி எடுத்த படம்னா, வேற மாதிரி பேசிக்கலன்னா அது அவருக்கு சொந்தம். வேற மாதிரி பேசிக்கணும், அவ்ளோதான். வேலைக்கு முன்னாடியே ஒரு மெயில், காப்புரிமை என்கிட்ட இருக்கும், நீங்க உங்க பேஜ்லயும் போஸ்டர்லயும் போட்டுக்கலாம், வேற கம்பெனிக்கு குடுக்குறதா இருந்தா என்னை கேக்கணும்னு நாலு வரி, அவங்க ஓகேன்னு பதில் போடட்டும். காப்புரிமைய மொத்தமா எழுதி குடுத்துதான் ஆகணும்னா எத்தன வருஷத்துக்குன்னு எழுதுங்க, வருஷம் எழுதாம விட்டா அஞ்சு வருஷம்னு சட்டமே எடுத்துக்கும், எந்த நாட்டுக்குன்னு எழுதலன்னா இந்தியாவுக்கு மட்டும்னு எடுத்துக்கும். சில அக்ரிமெண்ட்ல இத தெரிஞ்சே "என்னென்னைக்கும், உலகம் பூரா"ன்னு போட்டிருப்பாங்க, அந்த வரிய தேடி படிங்க. படத்த எடுத்தது நான்தான்னு சொல்லிக்கிற உரிமை, உரிமைய வித்த பிறகும் உங்ககிட்டதான் இருக்கும். 1967-ல ரோலிங் ஸ்டோன்ங்கிற அமெரிக்க இசை பத்திரிகை ஆரம்பிச்சப்ப அவங்க மொத ஃபோட்டோகிராஃபர் பாரன் வுல்மன், சம்பளத்த பத்தி பெருசா பேசாம படங்களோட உரிமை என்கிட்ட இருக்கணும்னு மட்டும் கேட்டு வாங்கிகிட்டாரு, ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், ஜேனிஸ் ஜாப்ளின்னு ராக் ஸ்டாருங்கள அவர் எடுத்தது எல்லாம் கடைசி வரைக்கும் அவர் சொத்து. பெரிய ஸ்டாருங்க குடுக்குற பேப்பர்லயும் பேசி மாத்தலாம் தெரியுமா, 2015-ல பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் டூர்ல ஃபோட்டோகிராஃபர்கள் கையெழுத்து போட வேண்டியிருந்த பேப்பர எதிர்த்து சத்தம் கெளம்பி, கொஞ்ச நாள்லயே அத திருத்துனாங்க. நீங்களும் நானும் ஸ்விஃப்ட்டுகிட்ட பேச போறதில்ல, கும்பகோணத்து ஈவென்ட்காரர்கிட்ட பேசலாம்ல.

உங்க அஞ்சு படத்த பாத்தேன். மொத ரெண்டும் ரிசப்ஷன் மேடைல ஆர்கெஸ்ட்ரா, நல்லா இருக்கு, ஆனா கல்யாண கண்ணுல எடுத்தது, எல்லாரும் கேமராவ பாத்து சிரிக்கிறாங்க. நாலாவது படத்துல அந்த வெளிச்ச பூ எல்லாம் எடிட்டிங்ல போட்டதுதானே, எடுத்துருங்க. அஞ்சாவது சுமார். மூணாவது, அந்த ஊர்வலத்துல தவில்காரர், வேர்த்து வழிஞ்சு, குச்சி மேல போயி நிக்குது, பின்னாடி தீவட்டி, நாதஸ்வரக்காரர் பாதி மறைஞ்சு அவர பாத்துகிட்டு இருக்காரு, அத நான் எடுத்திருந்தா என் சுவத்துல மாட்டியிருப்பேன். கிட் லென்ஸ்ல எடுத்ததுன்னு பாத்தாலே தெரியுது. அவர் யாரு, எந்த ஊரு, அவருக்கு அந்த படத்த குடுத்தீங்களா? இல்லன்னா நல்ல பேப்பர்ல எட்டுக்கு பன்னெண்டு ஒரு பிரிண்ட் போட்டு நேர்ல கொண்டு போய் குடுத்துட்டு வாங்க, அடுத்து எங்க வாசிக்கிறாருன்னும் கேட்டுகிட்டு வாங்க.